நான் மிச்சம் பிடித்த அறுபத்தோராயிரம்

பத்தொன்பது வயதுக்குள் அறுபத்தோராயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய் சேமித்தவள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது, அதனால் சொல்கிறேன். அந்தப் பணத்தில் ஒரு ரூபாயைக்கூட நான் கண்ணால் பார்த்தது கிடையாது. ஆனால் அதை நம்பி என் அம்மா ஒரு காரியம் செய்துவிட்டாள்.

என் பெயர் நாகஜோதி. ஊர் வ. புதுப்பட்டி. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு தனியார் கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறேன். அம்மா சுடலைமாடத்தி, தென்னந்தோப்புகளில் தேங்காய் பொறுக்கவும் மட்டை கட்டவும் போகிறாள். அந்த வேலை இல்லாத நாளில் களையெடுப்பு. அப்பா இல்லை. என்னைக் கல்லூரியில் சேர்க்கும்போது அம்மா காதில் கிடந்த தோட்டைக் கழற்றி வத்திராயிருப்பில் ஒரு அடகுக்கடையில் வைத்தாள். அன்றிலிருந்து, காதுத் துளை தூர்ந்துவிடக் கூடாதென்று விளக்குமாற்று ஈர்க்குச்சியை நறுக்கிச் செருகியிருக்கிறாள். எங்கள் தெருவில் இது ஒன்றும் அதிசயமில்லை. பாதிப் பெண்கள் காதில் ஈர்க்குச்சிதான். ஜூன் மாதம் கல்லூரி திறக்கும்போது எண்ணிக்கை கூடும்.

போன ஜூலையில் எங்கள் கல்லூரியில் ‘மாணவர் நிதி ஒழுக்க மையம்’ தொடங்கினார்கள். காரணம் ஒரு வடை. தாளாளர் அழகுராஜா காரில் வரும்போது, கல்லூரி வாசலில் நான்கு பையன்கள் வடை தின்றுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாராம். இப்படித் தின்றே இந்தத் தலைமுறை அழிந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. உடனே மையம். தொடக்க விழாவில் சிக்கனத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு நிபுணர் சென்னையிலிருந்து மதுரைக்கு விமானத்திலும், மதுரையிலிருந்து கல்லூரிக்குக் காரிலும் வந்தார். வந்து, எங்களை முடிந்தவரை நடந்து போகச் சொன்னார். நாங்கள் கைதட்டினோம். முந்திரிப் பொட்டலத்துடன் அவரை அனுப்பிவைத்த பிறகு, ஆளுக்கு நானூறு ரூபாய் ‘அவசரகால நிதி’ என்று வசூலித்தார்கள். தாளாளர் படம் போட்ட ‘சேமிப்புக் கையேடு’ ஒன்றும் தந்தார்கள். அதற்கு நூற்றைம்பது.

கையேட்டில் நான்கு கட்டங்கள். வரவு, தேவை, ஆசை, சேமிப்பு. தினமும் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை மூன்றாம் பாடவேளையில் மையத்தின் இயக்குநர் பேராசிரியர் ஸுந்தரராஜன் சரிபார்ப்பார். அகமதிப்பெண்ணில் பத்து இதற்குத்தான். சேமிப்புக் கட்டத்தில் பூஜ்யம் வைத்திருப்பவர்களுக்குப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாது.

ஸுந்தரராஜன் சார் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பிறகு சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாட வீதியில் வீடு. நெற்றியில் மெல்லிய சூர்ணம், கையில் சிவப்பு பேனா. யாரையும் அதட்டிப் பேச மாட்டார்.

முதல் வெள்ளிக்கிழமை என் கையேட்டைப் புரட்டினார். வாரத்துக்கு அம்மா தருவது நூறு ரூபாய். ஜெராக்ஸ் முப்பது, பேனா பத்து, ஐந்து நாள் டீ அறுபது. எல்லாவற்றையும் ‘தேவை’யில் எழுதியிருந்தேன். சேமிப்பு பூஜ்யம்.

சார் டீயைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அம்புக்குறி போட்டு ‘ஆசை’க்கு நகர்த்தினார்.

“டீ ஆசைம்மா. தேவையில்லை.”

“சார், காலைல சாப்பிடாம வாரேன் சார். பஸ்ஸு ஆறரைக்கே வந்துரும்.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “சாப்பிடறதே இல்லையா? தினமுமா?”

“ஆமா சார்.”

“அட அசடே! அதை ஏன் எழுதலை? ரெண்டு இட்லி, ஒரு வடை, முப்பது ரூபாய். அஞ்சு நாளைக்கு நூத்தம்பது. செலவழிச்சிருக்கலாம், செலவழிக்கலை. கையேட்டுல ஏழாம் விதி படிச்சியா? தவிர்த்த செலவும் சேமிப்பே.”

அவரே எழுதினார். சேமிப்பு: நூற்றைம்பது. வாரத்துக்கு நூறு ரூபாய் வரவுள்ள நான் நூற்றைம்பது சேமித்திருந்தேன். பக்கத்திலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குக்கூட ஒரு நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது. பசி சேமிப்பாக மாறும் என்பது எங்கள் வீட்டில் இத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் சார் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு பஸ் மாறி வருகிறேன். போக இருபத்திரண்டு, வர இருபத்திரண்டு. “கொடுக்க வேண்டிய நாற்பத்துநாலைக் கொடுக்காம இருக்கே. எழுது” என்றார். எழுதினேன். ராஜபாளையத்திலிருந்து வரும் கௌதம்ராஜ், என் வகுப்பில் இருப்பவன், எழுந்து நின்றான். “சார், நாங்க டிக்கெட் எடுக்கோம் சார். எங்களுக்கு என்ன வழி?” சார் யோசித்துவிட்டு, “ஆட்டோவில் வராததை எழுது” என்றார்.

கௌதம்ராஜுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். மூன்றாவது வாரம் அவன் கையேட்டில் இரண்டு லட்சத்து முப்பதாயிரம் சேமிப்பு இருந்தது. புல்லட் வாங்கவில்லையாம்.

சாருக்கும் சந்தேகம் வந்தது. அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. இனிமேல் நூறு ரூபாய்க்கு மேற்பட்ட தவிர்த்த செலவுக்குச் சான்று வேண்டும். மாணவர் கடைக்கு நேரில் போய், விலை கேட்டு, வாங்காமல் திரும்பினார் என்று கடைக்காரர் சீல் வைத்துத் தர வேண்டும். சும்மா வீட்டில் உட்கார்ந்துகொண்டு புல்லட் வாங்காமல் இருப்பது செல்லாது. ஷோரூமில் போய் வாங்காமல் இருக்க வேண்டும்.

அதன் பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் நடந்ததை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நாலு மணி பஸ்ஸில் இறங்கி எழுபது எண்பது பேர் கும்பலாகப் போய் எதையும் வாங்காமல் வருவோம். பால்கோவா கடையில் வரிசை வாசல் தாண்டி நிற்கும். நானும் நின்றேன். கால் கிலோ என்ன விலை என்று கேட்டேன். கடைக்காரர் சுடச்சுட ஒரு கரண்டி எடுத்துத் தாளில் வைத்து நீட்டினார். “ருசி பாரும்மா.”

“வேண்டாண்ணே. வாங்கலன்னு எழுதிக் குடுத்தாப் போதும்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீயும் அந்தக் காலேஜா?”

எழுதித் தந்தார். நூற்று ஐந்து ரூபாய் சேமித்தேன். வாசம் மட்டும் கொஞ்ச தூரம் கூடவே வந்தது. அதற்கும் ஏதாவது விலை போட்டிருந்தால் கட்டியிருக்கத்தான் வேண்டும்.

இரண்டு வாரத்தில் அந்தக் கடையில் ஒரு அட்டை தொங்கியது. ‘கல்லூரி மாணவர்களுக்கு வாங்காத சான்று வழங்கப்படாது.’ அதற்கடுத்த வாரம் அட்டையை மாற்றினார்கள். ‘வாங்காத சான்று, ஒன்றுக்கு ஐந்து ரூபாய்.’ வியாபாரி வியாபாரிதான். பால்கோவா விற்றதைவிட விற்காததில் அந்த மாதம் நல்ல லாபம் என்று கௌதம்ராஜ் சொன்னான். அந்த ஐந்து ரூபாயை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று மையத்தில் கேட்டோம். சார் ஒரு நாள் அவகாசம் எடுத்துக்கொண்டு, “முதலீடு” என்றார்.

அக்டோபர் முடிய எனக்குப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் சேர்ந்திருந்தது. வகுப்பில் இருபத்தாறாவது இடம். கடைசி பத்து பேருக்குள் வருபவர்களின் பெற்றோரை அழைத்து ‘நிதி ஒழுக்க ஆலோசனை’ தருவார்கள் என்று சொன்னார்கள். அம்மாவை அழைத்தால் ஒருநாள் கூலி போய்விடும். எங்கள் வகுப்பில் மொத்தம் முப்பத்துநாலு பேர். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பத்துப் பேரில் நானும் இருந்தேன்.

“ஏட்டி, நகைக்கடைக்குப் போ. ஒரே கடை, ஒரே சீட்டு, முடிஞ்சது சோலி” என்றான் கௌதம்ராஜ்.

போனேன். ராஜபாளையத்தில், கண்ணாடிக் கதவும் காவலாளியும் உள்ள கடை. தோடு பார்க்க வேண்டும் என்றேன். எந்த மாதிரி என்று கேட்டார்கள். என்னையறியாமல் அம்மாவின் தோட்டை அடையாளம் சொன்னேன். நடுவில் சிவப்புக் கல், சுற்றி முத்து முத்தாக வேலைப்பாடு. அந்த அக்கா சரியாக அதே மாதிரி ஒன்றை எடுத்து வெல்வெட்டில் வைத்தாள். நாலு கிராம். கூலி சேதாரம் எல்லாம் சேர்த்து நாற்பத்தெட்டாயிரத்து அறுநூறு. கையில் எடுத்துப் பார்த்தேன். அம்மா காதில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், கல்லூரியில் சேரும் வரை தினமும் பார்த்ததுதானே. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, “வாங்கலைன்னு ஒரு சீட்டு வேணும்க்கா” என்றேன்.

நான் செய்ததிலேயே அசிங்கமான காரியம் இதுதான். திருடியிருந்தால்கூட ஒரு தோடு மிஞ்சியிருக்கும். நான் அம்மாவின் வெறுங்காதைக் கொண்டுபோய் மார்க்குக்கு மாற்றிக்கொண்டு வந்தேன்.

மொத்தம் அறுபத்தோராயிரத்து முந்நூற்று நாற்பது. கல்லூரியிலேயே முதலிடம். கௌதம்ராஜ் இன்னும் பெரிய சீட்டெல்லாம் வைத்திருந்தான், ஆனால் அவன் ஒருநாள் பரோட்டா தின்றதை யாரோ படம் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். தகுதி நீக்கம்.

டிசம்பர் கடைசியில் எங்கள் பக்கத்து பஸ் ஸ்டாப்புகளில் எல்லாம் பிளெக்ஸ் வைத்தார்கள். தாளாளர் பெரிதாக, ஸுந்தரராஜன் சார் நடுத்தரமாக, நான் தீப்பெட்டி அளவில். கீழே: ‘ரூ. 61,340 சேமித்த வ. புதுப்பட்டி மாணவி நாகஜோதிக்கு சேமிப்புச் செல்வி விருது.’ ஊரில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். வீட்டில் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். பிளெக்ஸ்தானே, மழை பெய்தால் போய்விடும் என்று எண்ணினேன்.

விருது விழா சனிக்கிழமை. அதற்கு முந்தின வியாழக்கிழமை காலையில் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டே அம்மா சொன்னாள்.

“நேத்து ஒங்க சித்தப்பா சின்னக்கருப்பன் வந்தாருட்டி. ரெண்டு கெடா வித்தாராம். பதினஞ்சாயிரம் கொண்டாந்தாரு. ‘மதினி, திங்கக்கெழம கெடுவாமே, தோட்டத் திருப்பிருங்க, மெதுவாத் தாங்க’ன்னாரு.”

“நல்லதாப் போச்சுல்லம்மா.”

“வேண்டாம்னுட்டேன்.”

“என்னம்மா சொல்லுத?”

“எம்மவ வச்சிருக்காய்யா, அவ திருப்பித் தருவான்னுட்டேன். அவியளும் பிளெக்ஸப் பாத்துருக்காவ. செரி மதினின்னு போயி, மோட்டாரு ரிப்பேருக்கு அந்தத் துட்டக் குடுத்துட்டாவ.” அம்மா சிரித்தாள். “நீ எங்கிட்டச் சொல்லவே இல்லேல்ல? திங்கக்கெழம தெரியாமக் கொண்டாந்து குடுக்கலாம்னு இருந்தியாக்கும்? களவாணிச் சிறுக்கி.”

அசலும் வட்டியுமாகப் பதினாலாயிரத்து இருநூறு. ஒன்றரை வருஷமாக வட்டிகூடச் சரியாகக் கட்டவில்லை. திங்கட்கிழமை தாண்டினால் தோடு கடைக்காரனுக்கு.

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ‘எம்மா, எங்கிட்ட ஒண்ணுமே இல்லம்மா.’ ஆறு வார்த்தைகூட இல்லை. அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். குடத்தைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டேன். பயந்தாங்கொள்ளி என்று என்னைச் சொல்லலாம், நான் கோபப்பட மாட்டேன்.

நேரே மையத்துக்குப் போனேன். அங்கே ஏ.சி. குளிர்ந்துகொண்டிருந்தது. சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அவசரகால நிதின்னு வாங்குனீயள்ல சார். அதுல இருந்து பதினாலாயிரத்து எறநூறு கடனாக் குடுங்க சார். மாசாமாசம் தந்துருதேன்.”

சார் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது, நடிப்பில்லை.

“நாகஜோதி, அடிப்படையைப் புரிஞ்சுக்கோ. அவசரத்துக்கு எடுத்துட்டா அப்புறம் அவசரகால நிதி எப்படி இருக்கும்? தொடங்கின நாளிலேருந்து ஒருத்தருக்கும் ஒத்தை ரூபாய் கொடுத்ததில்லை. அதான் இந்த மையத்தோட பெருமை.”

“அப்ப அந்தத் துட்டு இருக்குல்ல சார்?”

“இருக்கே. இதோ.” ஏ.சி.யைக் காட்டினார். “பணமா வச்சா செலவாயிடும். சொத்தா மாத்திட்டோம்.”

நான் ஏ.சி.யைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் குரலைத் தாழ்த்தினார். “இதெல்லாம் மனசைப் போட்டு அலட்டிக்கப்படாது. எனக்கே மூணு கிரெடிட் கார்டு இருக்கு. முதல் கார்டை ரெண்டாவதால கட்டுவேன், ரெண்டாவதை மூணாவதால. எல்லாம் தேதி தவறாம. ஒழுக்கம்னா அதுதான்.”

“அப்ப விருதாவது வேண்டாம்னு சொல்லிருதேன் சார். அந்தக் கணக்கே பொய்யி சார்.”

“பொய்யா? ஒவ்வொண்ணுக்கும் சீல் இருக்கும்மா!” என்றார். அவருக்கு உண்மையாகவே அதிர்ச்சி. “விருதை மறுத்தா உன் சேமிப்பு பூஜ்யம். பூஜ்யம்னா ஹால் டிக்கெட் கிடையாது. அம்மா கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கறா இல்லையா? யோசிச்சுப் பண்ணு.”

யோசித்தேன். யோசித்து, கோழைத்தனமாக இருப்பதென்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, மஞ்சள் பையோடு வந்தாள். பெற்றோரை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். பஸ்ஸில் மூன்று தரம் சொல்ல வாயெடுத்தேன். மூன்று தரமும் அம்மா வேறு யாரிடமோ என்னைக் காட்டி, “எம்மவதான், பிளெக்ஸுல இருக்காள்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

தாளாளர் பேசினார். அரை மணி நேரம்.

“மாணவச் செல்வங்களே, தவிர்த்த செலவு என்பது இன்றைக்கு வந்த கண்டுபிடிப்பு இல்லை. என் மில்லில் ஐந்நூறு பேர் வேலை பார்க்கிறார்கள். ஆறு வருஷமாக அவர்களுக்குச் சம்பளம் கூட்டவில்லை. கூட்டியிருக்கலாம். சட்டப்படி கூட்டியிருக்கவும் வேண்டும். நான் மனசைக் கட்டுப்படுத்திக்கொண்டேன். அப்படித் தவிர்த்த செலவில் எழும்பியதுதான் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்தக் கட்டடம். உங்கள் பேராசிரியர்களுக்கும் நாலு மாதமாக அதே கட்டுப்பாட்டைக் கற்றுக்கொடுத்து வருகிறேன்.”

மேடையிலிருந்த பேராசிரியர்கள்தான் முதலில் கைதட்டினார்கள். பிறகு நாங்கள்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். அம்மாவையும் மேடைக்கு வரச் சொன்னார்கள். கதவுப் பலகை அகலத்துக்கு ஒரு காசோலையை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். தெர்மாகோல். அதில் என் பெயர், கொட்டை எழுத்தில் ரூ. 61,340, கீழே தாளாளர் கையெழுத்து. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தோம். எடுத்து முடிந்ததும், அடுத்த மாணவிக்கு வேறு தொகையை ஒட்ட வேண்டும் என்று அட்டையை வாங்க ஒருவர் கை நீட்டினார்.

அம்மா விடவில்லை.

“இத எங்க மாத்தணும் சார்? பேங்கிலயா, இங்க ஆபீஸுலயே குடுத்துருவீயளா?”

மைக் பக்கத்தில் இருந்தது. அரங்கம் முழுக்கக் கேட்டது. தாளாளர் சிரித்தார். “இது ஒரு அடையாளம்தாம்மா.”

“அது செரிங்க சார். துட்டு?”

ஸுந்தரராஜன் சார் முன்னே வந்தார். “அம்மா, இது உங்க பொண்ணு செலவழிக்காத பணம்.”

“அத்தான் சார் கேக்கேன். செலவழிக்கலன்னா இருக்கணும்ல?”

“அப்படியில்லைம்மா. அது தவிர்த்த...”

“முழுசும் வேண்டாம் சார். பதினாலாயிரத்து எறநூறு மட்டும் இப்பக் குடுங்க. திங்கக்கெழம தோட்டத் திருப்பணும். மிச்சத்த நீங்களே வச்சுக்கிருங்க, அவ படிப்பு முடிஞ்ச பொறவு குடுத்தாப் போதும்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு நிறைய பேர் சிரித்தார்கள். தாளாளர் சாரைப் பார்த்தார். சார் மைக்கைப் பிடித்து, “பார்த்தீர்களா மாணவர்களே, நிதிக் கல்வி இல்லாததால் கிராமப்புறத் தாய்மார்கள் எவ்வளவு அறியாமையில் இருக்கிறார்கள் என்பதற்கு இது ஒரு உதாரணம். இதற்காகத்தான் நம் மையம்” என்றார். பலத்த கைதட்டல்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அட்டையின் இந்தப் பக்கத்தை நான் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த ஒரு பார்வையில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. இப்போது பேசு, இப்போதாவது பேசு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. மைக் ஒரு முழ தூரத்தில் இருந்தது.

பேசியது அம்மாதான். அட்டையை விட்டுவிட்டு, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

“கோவிச்சுக்கிடாதீய சார். எனக்கு வெவரம் பத்தாது. தெரியாமக் கேட்டுட்டேன். பிள்ளையை ஒண்ணுஞ் சொல்லிராதீய.”

தாளாளர் பெருந்தன்மையாக மன்னித்தார். அம்மாவுக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். அதன் விலைப் பட்டை இன்னும் கிழிக்கப்படாமல் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நான் சொன்னேன். “எம்மா, எங்கிட்ட ஒத்த ரூவா இல்லம்மா.”

“தெரியும்ட்டி.”

“பொறவு எதுக்கும்மா கும்பிட்ட? நீ என்ன தப்புப் பண்ண?”

“ஒனக்குப் பரிச்ச இருக்குல்ல” என்றாள். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். வத்திராயிருப்பில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. அடகுக்கடைத் தெரு அங்கிருந்து தெரியும். அம்மா அந்தப் பக்கம் பார்க்காமல், மஞ்சள் பையில் இருந்த பன்னைப் பிய்த்து எனக்குப் பாதி தந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நானும் அம்மாவும் வீடு வீடாகக் கடன் கேட்டு அலைந்தோம். மூவாயிரத்து நானூறு புரண்டது. திங்கட்கிழமை கடைக்காரர் அதை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. தோடு போயிற்று.

வெள்ளிக்கிழமை மூன்றாம் பாடவேளை. என் முறை வந்தது. கையேட்டில் அந்த வாரம் நான் எதுவும் எழுதவில்லை. ஸுந்தரராஜன் சார் வெறும் பக்கத்தைப் பார்த்துவிட்டு, எல்லார் முன்னாலும் கேட்க வேண்டாம் என்று மெதுவாகக் கேட்டார். “தோடு என்ன ஆச்சும்மா?”

“போச்சு சார்.”

“திருப்பலையா?”

“முடியல சார்.”

அவர் சூர்ணத்தை ஒட்டி நெற்றியைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். எனக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று அவர் மனசாரத் தவிப்பது தெரிந்தது. பிறகு சிவப்பு பேனாவைத் திறந்து, சேமிப்புக் கட்டத்தில் அழகான கையெழுத்தில் எழுதினார்: ‘நகை திருப்பாத வகையில் தவிர்த்த செலவு, ரூ. 14,200.’ கூட்டி மொத்தம் போட்டார். எழுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று நாற்பது.

“சார், அது எங்கம்மா தோடு சார்.”

“போனது போனதுதான். அதை நினைச்சு அழுதா வருமா? ஆனா பார், பதினாலாயிரம் கையை விட்டுப் போகலை. நல்லதைப் பார்க்கக் கத்துக்கோ.” கையேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். மேசையின் அந்தப் பக்கம் ஹால் டிக்கெட்டுகள் அடுக்கியிருந்தன. என்னுடையது மேலேயே இருந்தது. “கையெழுத்துப் போடு.”

போட்டேன். எழுத்து நேராக, சுத்தமாக விழுந்தது. கை நடுங்கியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.